லைன் வீட்டுக் கதவ தட்டுறதுக்கு முன்னாடி: திருப்பூர்ல வெளிமாநில தொழிலாளர்களோட வேலை பாக்க வர்ற சோசியல் ஒர்க்கர்களுக்கு

எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடிச்சுட்டு ஃபீல்டுக்கு வர்ற பசங்க நெறைய பேரு மொத நாளே லைன் வீட்டு (தொழிலாளிங்க தங்கற, வரிசையா ஒட்டி கட்டின சின்ன வாடகை வீடுங்க) வாசல்ல பேனர கட்டி உரிமை, சட்டம்னு மைக்ல ஆரம்பிச்சுடறாங்க. ஒன்றரை ஷிப்ட் நின்னுட்டு வந்தவனுக்கு அது எப்படி காதுல ஏறும்? நானும் இந்த தப்ப பண்ணவன்தான், ஆறு மாசம் ஒருத்தர் கூட வாய தொறக்கல. ஞாயித்துக்கிழம மத்தியானமா போங்க, சனிக்கிழம சம்பளம் வாங்கி காலைல சந்தைக்கு போய்ட்டு சமைச்சுட்டு இருப்பாங்க. டீ குடுத்தா குடிங்க, போட்டோ எடுக்காதீங்க.

ஹிந்தி தெரிஞ்சா போதும்னும் நினைக்காதீங்க. ஒடிசா பொண்ணு தன் கஷ்டத்த ஹிந்தில சொல்லாது, ஜார்க்கண்ட்ல இருந்து வந்தவங்கள்ல சந்தாலி பேசறவங்க இருக்காங்க. அவங்க ஊர்க்காரங்க ஒருத்தர கூட்டிட்டு போங்க, ஆனா அந்த ஆள், இவங்கள வேலைக்கு கூட்டிட்டு வந்த டேக்கேதாரா (அதான் கான்ட்ராக்டர்) இருக்கக்கூடாது, அவரு மொழிபெயர்த்தா "சம்பளம் கரெக்டா வருது"ன்னு மட்டும்தான் உங்க காதுக்கு வரும்.

மொதல்ல கையில எடுக்க வேண்டியது ரேஷன். ஏன்னா இதுல யாரோடயும் சண்டை போட வேண்டியதில்ல, பலன் உடனே தெரியும், நம்பிக்கை வரும். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம் தமிழ்நாட்டுல 2020 அக்டோபர்ல இருந்து இருக்கு. பீகார் கார்டு தேசிய உணவு பாதுகாப்பு சட்டத்துல வர்ற கார்டா இருந்து, ஆதார் இணைச்சிருந்தா, இங்க கைரேகை வெச்சே அரிசி வாங்கலாம், கார்டு கையில இருக்கணும்னு கூட இல்ல. பெரும்பாலும் இடிக்கற எடம் வேற: ஊர்ல பொண்டாட்டி அந்த மாச கோட்டா முழுசையும் வாங்கிட்டாங்கன்னா இங்க மெஷின்ல ஒண்ணும் காட்டாது, கடைக்காரரு மேல கோவப்பட்டு புண்ணியமில்ல. பாதி அங்க பாதி இங்கன்னு போன்லயே பேசி பிரிச்சுக்க சொல்லுங்க. பருப்பு, பாமாயில் நம்ம மாநிலம் நம்ம கார்டுக்கு குடுக்கறது, அது கெடைக்கும்னு வாக்கு குடுத்துடாதீங்க.

அடுத்தது சம்பளம், இங்கதான் நெறைய கேஸ் தோத்துப்போகுது. எங்க வேலை பாக்கறேன்னு கேட்டா டேக்கேதார் பேர சொல்லுவாங்க, கம்பெனி பேரு தெரியாது. கேட்ல இருக்கற போர்ட ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்க சொல்லுங்க. தெனமும் ராத்திரி தனக்குத்தானே ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ், இன்னிக்கு எத்தன மணிநேரம், எத்தன பீஸ், எவ்ளோ அட்வான்ஸ் புடிச்சாங்கன்னு. எழுதத் தெரியாதவங்களுக்கு இதுதான் நோட்டு. என்கிட்ட வந்த ஒரு குரூப்புக்கு ரெண்டு மாச சம்பளம் நின்னுபோச்சு, கம்பெனி "இவங்க எங்க ஆளே இல்ல"ன்னுது, கடைசில காப்பாத்துனது ஒரு பையன் கட்டிங் டேபிள் முன்னாடி நின்னு எடுத்த செல்ஃபிதான். தொழிலாளர் துறை ஆபீஸ்ல மனு குடுக்கறப்ப போட்டோவ பிரிண்ட் போட்டு, வாய்ஸ்ல இருக்கறத எழுதி சேத்து குடுங்க. இலவச வக்கீல் வேணும்னா சட்டப்பணிகள் ஆணைக்குழு, போன் நம்பர் 15100.

மெஷின்ல விரல் போச்சுன்னா ஓனரு தனியார் ஆஸ்பத்திரில கட்டு போட்டுட்டு ஊருக்கு டிக்கெட் எடுத்து குடுத்துடுவாரு. அந்த டிரெயின்ல ஏத்த விடாதீங்க! பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற எடம், மாச சம்பளம் 21,000க்குள்ளன்னா ஈஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) உண்டு, சேந்த மொத நாள் அடிபட்டாலும் உண்டு. ஈஎஸ்ஐ வராத எடம்னாலும் ஓனரு நஷ்டஈடு குடுக்கணும்னு 1923லயே சட்டம் வந்துடுச்சு, இப்ப அது சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்புல சேந்துருக்கு. வெத்து பேப்பர்ல கைநாட்டு வெக்க சொன்னா வெக்கக்கூடாதுன்னு மட்டும் எல்லார்கிட்டயும் திரும்ப திரும்ப சொல்லி வைங்க.

புள்ளைங்கள ஸ்கூல்ல சேக்க டிசி இல்ல, பொறப்பு சான்றிதழ் இல்லன்னு திருப்பி அனுப்பினா 2009 கல்வி உரிமை சட்டத்த சொல்லுங்க, அந்த காரணத்துக்காக மறுக்க முடியாது, வயசுக்கு ஏத்த வகுப்புல சேக்கணும். ஹெச்.எம்.கிட்ட சண்டையா போகாதீங்க, அவங்களுக்கும் தமிழ் தெரியாத புள்ளைய எப்படி வெச்சு பாடம் நடத்தறதுன்னு பயம் இருக்கும்.

இன்னொரு கஷ்டமான வேலை நம்மாளுங்ககிட்ட பேசறது. "வடக்கன் வந்து நம்ம வேலைய புடுங்கிட்டான்"ங்கற பேச்சு டீக்கடைல தெனமும் ஓடும். அதுக்கு மனிதநேய வசனம் பேசாம கூலி கணக்கு பேசுங்க, அவனுக்கு கம்மியா குடுக்க முடியறதாலதானே உனக்கும் ரேட் ஏறல, கொறஞ்சபட்ச கூலி எந்த ஊர்க்காரனுக்கும் ஒண்ணுதானேன்னு கேட்டா கொஞ்சம் யோசிக்கறாங்க. எல்லாரும் இல்ல. 2023 மார்ச்ல பீகார்க்காரங்கள அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ சுத்துனப்ப பயந்து ஊருக்கு கெளம்பினவங்க இருக்காங்க. அந்த மாதிரி நேரத்துல "நெசமாண்ணா?"ன்னு உங்களுக்கு ஒரு போன் வரணும், அதுக்கு உங்க நம்பர் அவங்க போன்ல ஏற்கனவே சேவ் ஆகியிருக்கணும். அதனால போற லைன் வீட்டுல எல்லாம் விசிட்டிங் கார்டு நீட்டாம, மிஸ்டு கால் குடுத்து அங்கயே சேவ் பண்ண வெச்சுட்டு கெளம்புங்க.