முதுமையில் பௌத்தத் தியானம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுபதைத் தாண்டித் தியானத்தின் பக்கம் வருகிறவர்களில் பலர் மூட்டுவலி குறையும், இரத்த அழுத்தம் இறங்கும், தூக்கம் வரும் என்ற எதிர்பார்ப்போடு வருகிறார்கள். இவற்றில் சில நடக்கவும் கூடும். ஆனால் பௌத்தப் பயிற்சியை முதுமைக்கு மருந்தாக எடுத்துக்கொள்வதில்தான் மற்றத் தவறுகள் பலவும் வேர்விடுகின்றன.

புத்தரின் உரைகளைத் தொகுத்த நூல்களில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் நகுலபிதா என்ற முதிய இல்லறத்தார் புத்தரிடம் வருகிறார். வயதாகிவிட்டது, உடம்பு ஓயாமல் படுத்துகிறது, அடிக்கடி வந்து காண முடியவில்லை என்கிறார். உடம்பு சரியாகிவிடும் என்று புத்தர் சொல்லவில்லை. உடல் நோயுற்றாலும் உள்ளம் நோயுறாதிருக்கப் பழகுங்கள் என்கிறார். புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தர் அதைப் பிறகு விரித்துச் சொல்கிறார்: உடம்பையும் உணர்ச்சிகளையும் ‘நான்’, ‘என்னுடையது’ என்று பற்றியவருக்கு அவை மாறும்போது துயரம் பிறக்கிறது, பற்றாதவருக்கு அவை மாறினாலும் துயரம் பிறப்பதில்லை. முதுமையில் செய்ய வேண்டிய பயிற்சி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

எனவே தியானத்தை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். புத்தருக்கே ஜீவகர் என்ற மருத்துவர் இருந்தார். நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய ஐந்தையும் நோயுற்ற துறவிகள் நண்பகலுக்குப் பிறகும் மருந்தாக உண்ணலாம் என்று புத்தர் அனுமதித்ததைத் துறவிகளின் ஒழுக்க விதி நூலான விநயம் சொல்கிறது. இலங்கையில் போயா என்ற முழுநிலவு நாட்களில் முதியவர்கள் வெள்ளுடை அணிந்து விகாரைகளில் எண்சீலம் (எட்டு ஒழுக்க நெறிகள்) காப்பது வழக்கம். நண்பகலுக்குப் பின் உண்ணாமை அதில் ஒன்று. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் இரவு உணவை விட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். உடம்பை வருத்தும் தவத்தைப் புத்தர் தாமே செய்து பார்த்துக் கைவிட்டவர் என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, சம்மணமிட்டே தீருவேன் என்ற பிடிவாதம். மூட்டு தேய்ந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தரையில் உட்கார்வதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. விழிப்போடு கவனிப்பதைக் கற்பிக்கும் சதிபட்டான சூத்திரம் நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் ஆகிய நான்கு நிலைகளிலும் விழிப்போடிருக்கச் சொல்கிறது. பாதம் இரண்டும் தரையில் படியும் உயரத்தில், கைப்பிடியுள்ள நாற்காலி போதும். முடியாத நாளில் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி மூச்சைக் கவனிக்கலாம். உட்காரும் நேரத்தைவிட எழும் நேரத்தில்தான் கவனம் அதிகம் தேவை. மரத்துப்போன காலோடு எழுந்தால் தடுமாறும்; சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் கூடுதலாக. கண்ணைத் திறந்து, கால்விரல்களை அசைத்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒரு நிமிடம் நின்ற பிறகு நடங்கள். நடைத் தியானத்தைச் சுவர் ஓரமாகவோ கைப்பிடி உள்ள இடத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். இந்த எச்சரிக்கைகள் தியானத்துக்கு வெளியே நிற்பவை அல்ல. அந்த ஒரு நிமிடமும் பயிற்சிதான்.

வலியை வெளியே சொல்லாமல் இருப்பதே பக்குவம் என்று நினைப்பவர்களும் உண்டு. மல்லர் என்ற குலத்தாரின் பாவா நகரில், புதிதாகக் கட்டிய மண்டபத்தில் புத்தர் சாரிபுத்தரை அறம் உரைக்கச் சொன்னார். முதுகு வலிக்கிறது, சற்றுப் படுக்கிறேன் என்று காரணத்தையும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். வலியைச் சொல்வது வேறு, அதன்மேல் புலம்பலை அடுக்குவது வேறு. இரண்டு அம்புகளைப் பற்றிய சூத்திரம் இந்த வேறுபாட்டைத்தான் காட்டுகிறது. உடலில் தைக்கும் முதல் அம்பு எல்லோருக்கும் உண்டு. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி? இனி யாருக்கும் பயனில்லாமல் போய்விட்டேனே’ என்று மனம் தன்மேல் எய்துகொள்வது இரண்டாவது. முதலாவதை மருத்துவரிடமும் பிள்ளைகளிடமும் தயங்காமல் சொல்லுங்கள். தியானத்தில் கவனிக்க வேண்டியது இரண்டாவதை.

உடலின் அழிவைப் பற்றிய போதனைகளைத் தன் மேலேயே வெறுப்பாகத் திருப்பிக்கொள்வது இன்னும் நுட்பமான தவறு. ‘நான் மூப்புக்கு உட்பட்டவன்’ என்று அடிக்கடி எண்ணுமாறு புத்தர் உரைகளின் இன்னொரு தொகுப்பான அங்குத்தர நிகாயம் சொல்வது இளமையின் செருக்கைக் கரைப்பதற்காக. கண்ணாடியில் சுருக்கத்தைக் கண்டு ஏற்கெனவே மனம் நொந்திருப்பவர் அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் நோவுதான் கூடும். அதே சூத்திரம் ஒரு படி மேலே போகிறது: மூப்புக்கு உட்பட்டவர் நான் ஒருவர் மட்டுமல்லர், பிறந்த உயிர் எல்லாமே உட்பட்டது. முதியவர்கள் தங்கவேண்டியது இந்த இரண்டாம் படியில். பேருந்தில் எதிரே இருப்பவரின் நடுங்கும் கையைப் பார்க்கும்போதும், மருத்துவமனை வரிசையில் காத்திருக்கும்போதும் அதை நினையுங்கள். தனிமை தளரும், அங்கிருந்து மைத்ரி என்ற நட்பன்பு தானாகவே வரும்.

பற்றறுத்தல் என்ற பெயரில் மகள் நீட்டும் கையைத் தள்ளிவிடுவதும் வேண்டாம். நகுலபிதா கடும் நோயில் கிடந்தபோது அவர் மனைவி நகுலமாதா பக்கத்தில் இருந்தார். கவலையோடு இறக்காதீர்கள், நான் நூல் நூற்பேன், பிள்ளைகளைக் காப்பேன், அறவழியிலிருந்து விலகமாட்டேன் என்று ஒவ்வொரு கவலையாக எடுத்துத் தீர்த்தார். நகுலபிதா தேறி, தடியூன்றிப் புத்தரைக் காணப் போனார். இப்படி ஒரு துணை கிடைத்தது உமது பேறு என்றார் புத்தர்.

நினைவு மங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் மறந்துபோவதைத் தியானத்தில் தோற்றதாக எண்ணி வருந்தாதீர்கள். ஆனால் பழகிய தெருவில் வழி தவறினால், அடுப்பை அணைக்க அடிக்கடி மறந்தால், ‘கவனம் போதவில்லை’ என்று உட்கார்வதைக் கூட்டாமல் மருத்துவரிடம் போக வேண்டும். அத்தகையவர்களுக்குப் பல நாள் மௌன முகாம்கள் ஏற்றவை அல்ல. மற்ற முதியவர்களும் தங்கள் நோய்களையும் மருந்துகளையும் முன்கூட்டியே முகாம் நடத்துபவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் சேர வேண்டும். நினைவு தளர்ந்தவரோடு வீட்டிலிருப்பவர் ஒருவர் காலையில் ஐந்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்து, ‘மூச்சு உள்ளே வருகிறது, வெளியே போகிறது’ என்று மெதுவாகச் சொல்லிக்கொடுக்கலாம். அவர் நடுவில் எழுந்து போனால் தடுக்க வேண்டாம், கூடவே நடந்து போங்கள்.