பெயருக்கு மயங்காதீர்கள்: பெரிய ஃபிலிம் கேமராவுக்குப் பழைய லென்ஸ் தேர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய லென்ஸ் தேடுபவர்களில் பெரும்பாலானோர் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். பெட்ஸ்வால் வேண்டும், வெரிட்டோ வேண்டும், டால்மெயர் கிடைத்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். முதல் தவறு இதுதான். மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன. பழைய லென்ஸ் தரும் ஒவ்வோர் அழகும் ஒரு குறிப்பிட்ட ஒளியியல் குறையிலிருந்து பிறக்கிறது. எந்தக் குறை நமக்கு வேண்டும், நம் கேமராவின் ஃபிலிம் அளவில் அது வெளிப்படுமா என்று முதலில் தீர்மானித்துவிட்டால், பெயர் தானாக வந்து சேரும்.

சுழலும் பின்னணியை எடுத்துக்கொள்வோம். அதிகம் பேர் ஆசைப்படுவதும் அதிகம் பேர் ஏமாறுவதும் அதில்தான். வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் 1840-இல் கணக்கிட்டு வடிவமைத்த உருவப்பட லென்ஸை ஃபோக்ட்லாண்டர் நிறுவனம் தயாரித்தது. அந்தக் காலத்து லென்ஸ்களோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு வெளிச்சம் தந்தது. நடுவில் கூர்மை அபாரம். ஓரத்துக்குப் போகப் போகக் குவியும் தளம் வளைந்துவிடும். நீண்ட பித்தளைக் குழல் ஓரத்து ஒளிக்கற்றையை வெட்டுவதால், பின்னணியில் உள்ள ஒளிப்புள்ளிகள் வட்டமாக இல்லாமல் பூனைக் கண்போல் நீள்கின்றன. அவை படத்தின் மையத்தைச் சுற்றி வரிசைகட்டும்போதுதான் சுழல் தோன்றுகிறது.

அதாவது, லென்ஸ் விழுத்தும் பிம்ப வட்டத்தின் விளிம்பில்தான் சுழல் இருக்கிறது. ஃபிலிமின் மூலைகள் அந்த விளிம்பை எட்டிப்பிடிக்க வேண்டும். 4×5 அங்குல ஃபிலிமின் மூலைவிட்டம் ஏறத்தாழ 150 மில்லிமீட்டர். அதற்கு ஏழெட்டு அங்குலக் குவியத்தூரம் கொண்ட பெட்ஸ்வால் பொருந்தும். பெரிதாக இருப்பதே மேல் என்று 12 அங்குல லென்ஸை வாங்கி அதே 4×5-இல் மாட்டினால், கூர்மையான நடுப்பகுதி மட்டுமே ஃபிலிமில் விழும். சுழல் முழுவதும் கேமராவின் உட்சுவரில் வீணாகும். செலவு செய்தது ஒன்றுக்கு, கிடைத்தது வேறொன்று. 8×10 வைத்திருப்பவருக்கு அதே 12 அங்குல லென்ஸ் அருமையாக வேலை செய்யும். மிகச் சிறியதை வாங்கினாலோ மூலைகள் இருண்டுபோகும். 2013-இல் லோமோகிராஃபி மறுபதிப்பாகக் கொண்டுவந்த பெட்ஸ்வால் 35 மில்லிமீட்டர் கேமராக்களுக்கானது. பெயரை நம்பி அதைப் பெரிய கேமராவுக்கு வாங்கக் கூடாது.

லென்ஸ் பொருந்தினாலும் பின்னணி பொருந்தாவிட்டால் சுழல் இல்லை. வேலூரில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் கண்ணை இழுக்கும் பின்னணி என்றால் கோட்டை மதிலும் மொட்டைப் பாறைக் குன்றுகளும்தான். வழவழப்பான அந்தக் கருங்கல்லில் ஒளிப்புள்ளிகளே கிடையாது. அதற்கு முன்னால் ஒருவரை நிறுத்தி பெட்ஸ்வாலில் எடுத்தால் மங்கலான சாம்பல் பரப்பு கிடைக்கும், அவ்வளவுதான். சாலை விரிவாக்கத்துக்குத் தப்பி நிற்கும் புளியமரங்களைத் தேடிப் போங்கள். பொடிப்பொடியான இலைகளுக்கு இடையே வானம் ஆயிரம் துளைகளாகத் தெரியும். ஆளை லென்ஸிலிருந்து ஆறேழு அடியில் உட்காரவைத்து, மரம் அவருக்குப் பின்னால் இருபது முப்பது அடி தள்ளியிருக்கும்படி அமைத்து, காலை வெயில் மரத்தின் பின்பக்கத்திலிருந்து வரும் நேரத்தில் எடுத்தால் சுழல் முழு வீச்சில் வரும். பாலாற்றங்கரையின் சீமைக்கருவேலங்களும் இதற்கு நன்றாகவே உதவும். அந்த மரத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே காரணம் இது.

இன்னொன்று: பெட்ஸ்வாலில் முகத்தை ஓரத்தில் வைத்தால் முகமே கலைந்துவிடும். கண்கள் பிம்ப வட்டத்தின் நடுவுக்கு அருகில் இருக்க வேண்டும். சட்டகத்தில் முகம் மேலே வேண்டுமென்றால் லென்ஸ் தாங்கும் முன்சட்டத்தை ஏற்றியோ இறக்கியோ கூர்மையான இடத்தை முகத்துக்கு நகர்த்தலாம். பெரும்பாலும் பெரிய கேமராவுக்கே உள்ள இந்த வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. அளவோடு நகர்த்துங்கள், இல்லையெனில் ஒரு மூலை கருத்துவிடும்.

மென்மையான, ஒளி கசிவது போன்ற படம் வேண்டுமென்று பெட்ஸ்வால் வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. அது வேறு குறை, வேறு லென்ஸ். கண்ணாடியின் ஓரம் வழியாக வரும் கதிர்களும் நடு வழியாக வரும் கதிர்களும் ஒரே இடத்தில் குவியாததால் அந்த மென்மை உண்டாகிறது. வோலன்சாக் வெரிட்டோ, சல்லடைத் தட்டுகளோடு வரும் ரோடன்ஸ்டாக் இமகான் போன்றவை இதற்கென்றே செய்யப்பட்டவை. வெரிட்டோ f/4-இல் முழுதும் குழைந்திருக்கும். அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, குறைக்கக் குறைக்கச் (f எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) சாதாரண லென்ஸாக மாறிவிடும். டால்மெயர் 1866-இல் கொண்டுவந்த உருவப்பட லென்ஸில் பின்பக்கக் கண்ணாடியைத் திருகித் தளர்த்தினால் மென்மை கூடும். இந்த வகை லென்ஸ்களை அகலத் திறந்து குவியம் பார்த்துவிட்டு, பிறகு அப்பர்ச்சரைக் குறைத்துப் படமெடுப்பது பெருந்தவறு. அப்பர்ச்சர் மாறினால் குவியும் இடமும் நகர்ந்துவிடும். எந்த அப்பர்ச்சரில் எடுக்கப் போகிறோமோ அதிலேயே குவியம் பார்க்க வேண்டும். ஒளியும் வேறு. மேகமூட்டத்தில் மென் லென்ஸ் வெறும் மங்கலைத்தான் தரும். பக்கவாட்டில் திண்ணை வாசல் வழியாக வரும் வெளிச்சம், ஒரு வெள்ளை வேட்டி, ஒரு மூக்குத்தி என்று பிரகாசமான இடங்கள் இருந்தால்தான் அவற்றைச் சுற்றி ஒளி கசியும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

மேல்கண்ணாடியில் நான்கு கீறல் இருந்தால் வேண்டாமென்று ஒதுக்குகிறவர்கள், உள்ளே பூஞ்சை படர்ந்த லென்ஸைப் பித்தளை பளபளப்பதைக் கண்டு வாங்கிவிடுகிறார்கள். கண்ணாடிக்குள் தெரியும் சிறு குமிழிகள் படத்தைக் கெடுப்பதில்லை. அந்தக் காலக் கண்ணாடியில் அவை இயல்பு. மெல்லிய கீறல்களும் பெரும்பாலும் பொருட்டல்ல. பூஞ்சை, வெண்புகை போன்ற மூட்டம், ஒட்டுப் பிசின் விட்டுப்போய் நடுப்பகுதிவரை பரவிய வானவில் நிறங்கள் ஆகிய மூன்றுக்குத்தான் பயப்பட வேண்டும்.

பெட்ஸ்வாலுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சோதனை உண்டு. அதன் பின்பகுதியில் இரண்டு கண்ணாடிகள் ஒட்டாமல் இடைவெளியோடு இருக்கும். துடைக்கக் கழற்றியவர்கள் முன்பின்னாக மாற்றி மாட்டியிருப்பார்கள், அல்லது நடுவளையத்தைத் தொலைத்திருப்பார்கள். இருட்டறையில் லென்ஸை ஜன்னலை நோக்கிப் பிடித்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். ஜன்னல் கம்பி நடுவில் கத்திபோல் கூர்மையாகத் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால், கண்ணாடிகளைச் சரியான வரிசையில் மாட்டிக் காட்டும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

கோட்டிங் (பிரதிபலிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சு) இல்லாத லென்ஸ்கள் எல்லாமே கலங்கலான படம் தரும் என்ற நம்பிக்கையும் தவறு. காற்றைத் தொடும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஒளியில் ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. டாகோர் என்ற பழைய லென்ஸில் அப்படிப்பட்ட பரப்புகள் நான்கே, பெட்ஸ்வாலில் ஆறு, நான்கு தனித்தனிக் கண்ணாடிகள் கொண்ட வகையில் எட்டு. இந்த எண்ணிக்கையைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் நம் வெயிலை எது தாங்கும் என்பது விளங்கிவிடும். எதுவானாலும் லென்ஸின் முன்னால் ஒரு கறுப்பு அட்டைக் குழல் கட்டாயம்.

பழைய அமெரிக்க லென்ஸ்களில் அப்பர்ச்சர் எண்கள் வேறு முறையில் இருக்கலாம். அந்த முறையில் 16 மட்டும் இன்றைய f/16-ஓடு ஒத்துப்போகும். 8 என்றால் f/11, 4 என்றால் f/8.

ஷட்டர் இல்லாத பித்தளை

பழைய பித்தளை லென்ஸ்கள் பலவற்றில் ஷட்டர் கிடையாது. மூடியை எடுத்து வைத்துத்தான் ஒளி விடவேண்டும். கணக்குப் போடாமல் வாங்குவது இங்கேதான் அதிகம். 100 ஐஎஸ்ஓ வேகம் கொண்ட ஃபிலிமுக்கு வேலூர் வெயிலில் f/16-இல் நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். f/4-க்குத் திறந்தால் நொடியில் 1,600-இல் ஒரு பங்கு. மூடியைக் கையால் எடுத்து வைக்கும் லென்ஸில் இது நடக்காது. மரநிழலுக்குப் போனால் f/4-இல் நூறில் ஒரு பங்குவரை இறங்கும். ஆறு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்) குறைக்கும் ஃபில்டர் போட்டால் ஏறக்குறைய நொடியில் மூன்றில் இரண்டு பங்கு ஆகும். அதற்குப் பிறகுதான் மூடி பயன்படும். வேகம் மிகக் குறைந்த போட்டோ தாளையே நெகட்டிவாகப் பயன்படுத்துவது இன்னொரு வழி. 4×5-இல் எடுப்பவர் என்றால், ஃபிலிமுக்கு முன்னால் திரை ஷட்டர் கொண்ட ஸ்பீட் கிராஃபிக் கேமராவைத் தேடுவதுதான் நான் சொல்லும் யோசனை. ஆயிரத்தில் ஒரு பங்குவரை அதில் கிடைக்கும், எந்தப் பித்தளை லென்ஸும் ஷட்டர் உள்ள லென்ஸ் ஆகிவிடும்.

கேமராவின் துருத்தி (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே நீண்டு சுருங்கும் மடிப்புப் பகுதி) எவ்வளவு நீளும் என்பதையும் அளந்துவிடுங்கள். 300 மில்லிமீட்டர் லென்ஸில் பாதி அளவுப் பிம்பம் வேண்டுமானால் துருத்தி 450 மில்லிமீட்டர் நீள வேண்டும். வெளிச்சமும் இரண்டேகால் மடங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஆலப்புழையில் தயாரான வாகீஸ்வரி போன்ற மரக் கேமரா வீட்டில் இருந்தால், முன்சட்டம் இந்தப் பித்தளையின் எடையைத் தாங்குமா என்றும் பாருங்கள்.

லென்ஸைத் திருகி மாட்டும் மரை வளையம் அதோடு வராவிட்டால், கேமராவின் லென்ஸ் பலகையில் துளையிட்டுப் பசையால் ஒட்ட முயலாதீர்கள். ராணிப்பேட்டையிலும் காட்பாடியிலும் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அளவை எழுதிக் கொடுத்தால் போதாது. லென்ஸையே கொண்டுபோய் மரையைக் காட்ட வேண்டும்.

வாங்கியபின் செய்யும் தவறுகளில் என்னை மிகவும் வருத்துவது, பித்தளையைக் குத்துவிளக்குபோல் புளி போட்டுத் தேய்ப்பது. நூறாண்டு தாங்கிய மெருகுப் பூச்சு போய்விடும். புளித்தண்ணீர் மரை வழியாகக் கண்ணாடி விளிம்புக்குள் இறங்கும். உலர்ந்த மென்துணி போதும். தோல் தொழில் நடக்கும் ஊர்ப்பக்கம் என்பதால் அழகான தோல்பெட்டி செய்து தருவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். எடுத்துச் செல்ல அது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸை அதற்குள்ளேயே பூட்டி வைத்தால் தோலின் ஈரம் பூஞ்சையை வளர்க்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போனால் ஒட்டுப் பிசின் இளகிவிடும்.

இவ்வளவு செலவுக்கு முன் மென்மைதான் வேண்டுமா என்று தெரிந்துகொள்ள ஒரு மலிவான வழி உண்டு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வெட்டாத +5 பவர் கண்ணாடி கேளுங்கள். அதன் குவியத்தூரம் 200 மில்லிமீட்டர். அட்டைக் குழலில் பொருத்தி, குழிந்த பக்கம் ஆளைப் பார்க்கும்படி வைத்து, சற்று முன்னால் 25 மில்லிமீட்டர் துளையிட்ட கறுப்பு அட்டையை நிறுத்துங்கள், f/8 ஆயிற்று. நிறங்கள் வெவ்வேறு இடத்தில் குவியும் என்பதால் மஞ்சள் ஃபில்டர் போட்டுச் சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுங்கள். துளையைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் ஒரே முகத்தை எடுத்துப் பார்த்தால், எந்த அளவு மென்மை உங்களுக்குப் பிடிக்கிறது என்று தெரியும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய f எண் அதுதான்.