கோட்டுச் சித்திரத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த பொன்னியின் செல்வன் தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்த சித்திரங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணம் பழகத் தொடங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான், குதிரைமேல் அமர்ந்த வந்தியத்தேவனோடு தொடங்கினேன். ஞாயிறுதோறும் என்னிடம் பழக வருகிறவர்கள் நான் அன்று செய்த பிழைகளையே மீண்டும் செய்வதைக் காண்பதால் இதை எழுதுகிறேன். தூரிகையைக் கழுவாமல் விடுவது போன்றவற்றை அவர்களே ஒரு வாரத்தில் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றைச் சொல்லப்போவதில்லை.

கோடுகளை வேலியாக்குவது

அச்சுச் சித்திரத்தில் கோடே உருவத்தைக் காட்டுகிறது. எண்ணெய் வண்ணத்திலோ வெளிச்சமும் இருளும் சந்திக்கும் இடமே உருவமாகிறது. கோட்டைக் கறுப்பில் அப்படியே படியெடுத்து, உள்ளே நிறத்தை நிரப்பினால், குதிரை அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். இடுப்புத் துணியின் மடிப்பு புரியவில்லையென்றால், ஒரு வேட்டியை ஜன்னலோர நாற்காலியில் தொங்கவிட்டுப் பாருங்கள்.

அடியில் எண்ணெய், மேலே டர்பன்டைன்

என்னை இன்றும் எரிச்சலடையச் செய்யும் தவறு இது. அந்த வந்தியத்தேவனுக்கு இரவுப் பின்னணி வேண்டுமென்று, ஐவரி பிளாக் என்ற கறுப்பு வண்ணத்தில் ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாகக் கலந்து கேன்வாஸ் முழுவதும் பூசினேன். பத்து நாள் கழித்துத் தொட்டபோது விரலில் ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று நம்பி, குதிரையின் உடலை வண்ணத்தை நீர்க்கச் செய்யும் டர்பன்டைனில் கரைத்த பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தால் அதன்மேல் தீட்டினேன். படத்தை முடிக்க நான்கு மாதம் ஆயிற்று; புது வீடு குடிபுகுந்த சித்தப்பாவுக்குப் பரிசாகக் கொடுத்தேன். அடுத்த பொங்கலுக்குப் போனபோது குதிரையின் கழுத்திலிருந்து தொடைவரை, கோடையில் வற்றிய ஏரியைப்போல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒவ்வொரு விரிசலுக்குள்ளும் அடியிலிருந்த கறுப்பு மினுங்கியது. சித்தப்பா அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் கூடத்துச் சுவரிலேயே மாட்டி வைத்திருந்தார்.

காரணம் எளிது. டர்பன்டைன் ஆவியாகிப் போய்விடும். ஆளிவிதை எண்ணெயோ ஆவியாவதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. ஐவரி பிளாக் இயல்பாகவே எண்ணெயை அதிகம் குடித்து மிகத் தாமதமாகக் காயும் நிறம். பர்ன்ட் அம்பரிலோ மாங்கனீசு இருப்பதால் அது விரைவில் காய்ந்துவிடும். அடிப்பூச்சு இன்னும் அசைந்துகொண்டிருக்க, அதன்மேல் விறைத்துப்போன பூச்சு பிளக்காமல் என்ன செய்யும்? ஆகவே முதல் பூச்சில் டர்பன்டைன் மட்டும், அடுத்தடுத்த பூச்சுகளில் சிறிது சிறிதாக எண்ணெய் என்ற வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

இந்த விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்களே, தூரிகை வழவழவென்று ஓடுகிறது என்பதற்காக முதல் நாளிலேயே எண்ணெய்க் கிண்ணத்தில் தோய்ப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விரிசலின்மேல் வண்ணம் பூசி மறைக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். நான் பூசிப் பார்த்தேன், புதுப் பூச்சும் அதே தடத்தில் பிளந்தது.

தோலின் நிழலுக்குக் கறுப்பு

வேண்டாம். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைன் நீலமும் போதும்.

சித்திரம் ஒன்றையே நம்புவது

தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்து 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் கால ஓவியங்களின் நிழற்படங்களையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுச் சித்திரத்தில் மூன்று கோடுகளில் முடிந்துவிடும் கொண்டை, அங்கே எப்படிச் சுற்றி முடியப்பட்டிருக்கிறது என்பது தெரியும்.

அவசர வார்னிஷ்

படம் முடிந்தபின் வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுங்கள். விரலில் ஒட்டாதது மேல்தோல் மட்டுமே.