டைமர் ஓடவே இல்லையா? முதல் மதிப்பைப் பாருங்கள்

பெங்களூரு மாரத்தஹள்ளியில் என்னுடன் தங்கியிருக்கும் தம்பி, லினக்ஸில் செட்ஐடைமர் (setitimer: குறித்த நேரத்தில் நிரலுக்குச் சிக்னல், அதாவது அறிவிப்பு, அனுப்பும் டைமரை வைக்கும் ஃபங்ஷன்) எழுதிவிட்டு நேற்றிரவு தவித்துப்போனான். "அண்ணா, அரை விநாடிக்கு ஒருமுறை சிக்னல் வர வேண்டும், ஒன்றுகூட வரவில்லை" என்றான். அடுத்தடுத்த சிக்னல்களுக்கு இடையிலான இடைவெளியைச் சொல்லும் ஐடி_இன்டர்வலில் (it_interval) 5,00,000 மைக்ரோவிநாடி, அதாவது அரை விநாடி, சரியாகவே இருந்தது. ஆனால் ஐடி_வேல்யூ (it_value) பூஜ்யம்! முதல் சிக்னல் எப்போது என்று சொல்வதே அதுதான். அது பூஜ்யமானால், இடைவெளி எதுவாக இருந்தாலும் டைமர் கிளம்பாது. இரண்டிலும் அதே மதிப்பை இட்டதும் ஓடத் தொடங்கியது.

மைக்ரோவிநாடி 9,99,999-ஐத் தாண்டினால் பிழைதான் வரும். ஒன்றரை விநாடியை 1 விநாடி, 5,00,000 மைக்ரோவிநாடி என்று பிரித்து எழுதுங்கள். சிக்னலைக் கையாளும் ஃபங்ஷனை டைமருக்கு முன்பே பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் முதல் சிக்னலே நிரலை முடித்துவிடும். ஃபோர்க் (fork) செய்தால், அதாவது ஓடும் நிரலின் நகலாகப் புதிய பிராசஸை உருவாக்கினால், அதற்கு இந்த டைமர் போகாது; அங்கே மறுபடி வைக்க வேண்டும்.