பல்லணு அயனி உள்ள சேர்மங்களுக்கு வாய்பாடு எழுதுவது எப்படி?

பல அணுக்கள் சேர்ந்து ஒரே தொகுதியாக மின்சுமை தாங்கினால் அது பல்லணு அயனி. எடுத்துக்காட்டாக, சல்பேட் அயனியில் ஒரு கந்தக அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் சகப்பிணைப்பால் இணைந்திருக்கின்றன. அதன் மின்சுமை 2−. இந்தச் சுமை ஐந்து அணுக்களும் சேர்ந்த தொகுதிக்கு உரியது. எனவே வாய்பாடு எழுதும்போது தொகுதியை உடைக்கவே கூடாது.

முதலில் ஆறு அயனிகளை மின்சுமையோடு மனப்பாடம் செய்துவிடுங்கள். அம்மோனியம் 1+, ஹைட்ராக்சைடு 1−, நைட்ரேட் 1−, கார்பனேட் 2−, சல்பேட் 2−, பாஸ்பேட் 3−. இதற்குக் குறுக்குவழி கிடையாது.

இப்போது அலுமினியம் சல்பேட்டை எடுத்துக்கொள்வோம். அலுமினியம் 3+, சல்பேட் 2−. இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 6. இரண்டு அலுமினியம் சேர்ந்தால் 6+, மூன்று சல்பேட் சேர்ந்தால் 6−, கூட்டினால் பூச்சியம். அலுமினியத்துக்குக் கீழே 2 போடுங்கள். சல்பேட் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் எழுதி, வெளியே கீழே 3 போடுங்கள். அடைப்புக்குறியை விட்டால் ஆக்சிஜனின் 4-உம் இந்த 3-உம் ஒட்டிக்கொண்டு 43 ஆக்சிஜன் என்றாகிவிடும்! சரியாக எண்ணினால் அலுமினியம் 2, கந்தகம் 3, ஆக்சிஜன் 12. மோலார் நிறை 54 + 96 + 192 = 342 கிராம். உள்ளே உள்ள 4-ஐத் தொடாதீர்கள். அது மாறினால் அயனியே வேறு.

மெக்னீசியம் சல்பேட்டில் 2+, 2−. ஒன்றின் சுமை எண்ணை மற்றதன் கீழே குறுக்காக மாற்றிப் போட்டுவிட்டு, 2:2 என்பதைச் சுருக்க மறப்பவர்கள் நிறைய. விகிதம் 1:1தான், அடைப்புக்குறியும் வேண்டாம்.

பெயரின் கடைசி எழுத்துகளைக் கவனமாகப் படியுங்கள். சல்பைட்டில் சல்பேட்டைவிட ஒரு ஆக்சிஜன் குறைவு. மின்சுமை அதே 2−. சல்பைடோ ஆக்சிஜனே இல்லாத தனிக் கந்தக அயனி.

ஹைட்ரஜன் அயனி ஒன்று சேர்ந்தால் எதிர்ச்சுமை ஒன்று குறையும். கார்பனேட் 2−, ஹைட்ரஜன் கார்பனேட் 1−. அதனால்தான் சலவை சோடாவில் (சோடியம் கார்பனேட்) சோடியம் இரண்டு, ஆப்ப சோடாவில் (சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட்) ஒன்று.

சமன்பாட்டைச் சமன் செய்யும்போதும் இதே பழக்கம் கைகொடுக்கும். பேரியம் குளோரைடு கரைசலில் சோடியம் சல்பேட்டைச் சேர்த்தால் பேரியம் சல்பேட் வெண்ணிற வீழ்படிவாகும். இருபுறமும் சல்பேட் தொகுதி உடையாமல் இருப்பதால் அதை ஒன்றாகவே எண்ணலாம். லெட் நைட்ரேட்டைச் சூடாக்குவது வேறு கதை. அங்கே நைட்ரேட் சிதைந்து, பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடு வெளிவரும். நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தனித்தனியே எண்ணியாக வேண்டும்.