சேர்வதற்கு முன் மாணவர்களிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது: காரைக்குடியிலிருந்து ஒரு வழிகாட்டி

தேவகோட்டையில் இருக்கும் என் அக்கா மகள் இளநிலை இயற்பியல் முடித்த ஆண்டில், முதுநிலைக்கு ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேரலாமா என்று அங்கே படித்துக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் தொலைபேசியில் கேட்டாள். ஒருவர் தாராளமாகச் சேரலாம் என்றார். மற்றவர் வேண்டவே வேண்டாம் என்றார். இருவரும் ஒரே துறை, ஒரே வகுப்பு. குழம்பிப்போய் என்னிடம் வந்தவளை மறுபடியும் அதே இருவரிடம் பேசச் சொன்னேன். ஆனால் இம்முறை, சென்ற வாரம் எத்தனை வகுப்புகள் நடந்தன, ஆய்வகத்தில் ஒரு கருவியைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள், கடைசியாக எழுதிய உள்தேர்வின் விடைத்தாள் கைக்குத் திரும்பி வந்ததா என்ற மூன்றை மட்டும் கேட்கச் சொன்னேன். இருவரிடமிருந்தும் ஏறத்தாழ ஒரே பதில்தான் வந்தது. வகுப்புகள் ஒழுங்காக நடக்கின்றன. ஒரு கருவிக்கு ஐந்து பேர். விடைத்தாள் திரும்ப வருவதில்லை. முதலாமவருக்கு முதல் செய்தி பெரிதாகப் பட்டிருந்தது, இரண்டாமவருக்கு மூன்றாவது செய்தி உறுத்தியிருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் செட்டிநாட்டுப் பிள்ளைகள் பலர் இதே குழப்பத்தோடு நிற்பதைப் பார்க்கிறேன். மாணவர்களிடம் கேட்பதைப் போலப் பயனுள்ள வழி வேறில்லை. ஆனால் அவர்களுடைய தீர்ப்பைக் கேட்டால் அவர்களுடைய மனநிலைதான் கிடைக்கும். அவர்களுக்கு நடந்ததைக் கேட்டால்தான் நாமே தீர்ப்புச் செய்துகொள்ள முடியும்.

கேட்கத் தொடங்கும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, எதிரில் இருப்பவர் உண்மையில் எங்கே படித்தவர் என்பது. எங்கள் ஊரில் இது மிகவும் அவசியம். கோட்டையூரில் 1909இல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் கலைக் கல்லூரியையும், 1952இல் பொறியியல் கல்லூரியையும், அவற்றைச் சூழ வேறு பல நிறுவனங்களையும் இங்கே உருவாக்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் கொடுத்தார். அவர் விதைத்த கல்வி நிலையங்களின் தொடர்ச்சியாக 1985இல் தமிழக அரசு அழகப்பா பல்கலைக்கழகத்தை நிறுவியது. இதனால் "நான் அழகப்பாவில் படித்தேன்" என்று காரைக்குடியில் ஒருவர் சொன்னால் அது பல்கலைக்கழகத் துறையாக இருக்கலாம், அரசு கலைக் கல்லூரியாக இருக்கலாம், அண்ணா பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய பொறியியல் கல்லூரியாகவும் இருக்கலாம். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வளாகத்தில் இருக்கும் துறையில் படித்தவர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் உள்ள இணைவுக் கல்லூரியில் படித்தவர், தொலைநிலைக் கல்வியில் படித்தவர் என்று மூன்று வகையினர் உண்டு. பட்டச் சான்றிதழில் ஒரே பெயர் இருந்தாலும் இம்மூவரும் கண்ட கல்வி வாழ்க்கை வேறு வேறு. ஆசிரியர், ஆய்வகம், நூலகம், பல இடங்களில் பாடத்திட்டமும்கூட வேறு. ஆகவே நீங்கள் சேரப்போகும் அதே துறையில், அதே வளாகத்தில் படிப்பவரைத் தேடுங்கள். மற்றவர்களின் பேச்சை மரியாதையோடு கேட்டுக்கொண்டு, முடிவெடுக்கும்போது அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

தரப்புள்ளிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2017இல் உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் தேசியத் தர மதிப்பீட்டுக் குழு (நாக்) அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு 4க்கு 3.64 புள்ளிகளுடன் ஏ பிளஸ் தரம் வழங்கியது. அது எங்கள் வட்டாரத்துக்குப் பெருமையான செய்தி. ஆயினும் அத்தகைய எண் ஒரு நிறுவனம் முழுமைக்கும் உரியது. நீங்கள் சேரப்போகும் துறையில் இந்தப் பருவத்தில் எத்தனை ஆசிரியர்கள் பாடம் எடுக்கிறார்கள் என்பதை அந்தத் துறையின் மாணவர்தான் சொல்ல முடியும்.

யாரைத் தேர்வது என்றால், முதுநிலையைப் பொறுத்தவரை மூன்றாம் பருவத்தில் இருப்பவரே மிகவும் ஏற்றவர். அவர் முழுதாக ஓராண்டைக் கடந்திருப்பார், இரண்டு முறை தேர்வு முடிவுகளைப் பார்த்திருப்பார், ஆய்வுத் திட்டத்துக்கு வழிகாட்டி ஆசிரியர் கிடைக்கும் விதத்தையும் அறியத் தொடங்கியிருப்பார். முதல் பருவத்தில் இருப்பவருக்கு இன்னும் புதுமை விலகியிருக்காது. படிப்பை முடித்து ஐந்தாண்டு ஆனவருக்கு நினைவுகள் இனிப்பாகிவிட்டிருக்கும், பாடத்திட்டமும் மாறியிருக்கும். நவம்பரிலும் ஏப்ரலிலும், தேர்வு நெருக்கத்தில் இருப்பவரிடம் கேட்காதீர்கள். அப்போது எவருக்கும் எல்லாமே கசப்பாகத்தான் இருக்கும். ஒருவரோடு நிறுத்திவிடவும் கூடாது. வகுப்பில் முதலிடத்தில் இருப்பவர், அரியர் வைத்திருப்பவர், விடுதியில் தங்கியிருப்பவர், நாள்தோறும் பேருந்தில் வந்து போகிறவர் ஆகிய நால்வரிடமும் பேசுவது நல்லது. இவர்களில் அரியர் வைத்திருப்பவரைத்தான் நாம் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறோம். ஒரு பல்கலைக்கழகம் நன்றாகப் படிக்கும் மாணவரை எப்படி நடத்துகிறது என்பதைவிட, தடுமாறி நிற்கும் மாணவருக்கு என்ன வழி வைத்திருக்கிறது என்பதில்தான் அதன் இயல்பு தெரியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பேசும் இடமும் முறையும் சிறிய செய்திகள்தாம். துறை வராந்தாவில், ஆசிரியர்கள் கடந்து போகும் இடத்தில் கேட்டால் நல்ல வார்த்தைகள் மட்டுமே வரும். வளாகத்துக்கு வெளியே, தேநீர்க் கடையிலோ பேருந்து நிறுத்தத்திலோ அண்ணே, அக்கா என்று அழைத்து, "நான் அடுத்த வருடம் சேரலாம் என்றிருக்கிறேன், பத்து நிமிடம் பேச முடியுமா" என்று கேட்டால் மறுப்பவரை நான் கண்டதில்லை. பெற்றோர் உடன் வருவதாக இருந்தால் சற்றுத் தள்ளி நிற்பது நல்லது. பெரியவர்கள் முன்னிலையில் மாணவர்கள் அடக்கமாகிவிடுவார்கள். குறிப்பெடுக்கும்போது சொன்னவரின் பெயரை எழுதாதீர்கள்.

வகுப்பைப் பற்றிய கேள்வியை ஒரு குறிப்பிட்ட நாளோடு சேர்த்துக் கேளுங்கள். "வகுப்புகள் நடக்குமா" என்று கேட்டால் "நடக்கும்" என்பார். "போன செவ்வாய்க்கிழமை காலை முதல் மாலை வரை என்னென்ன நடந்தது" என்று கேட்டால் யோசித்துச் சொல்வார். அந்த யோசனையில்தான் செய்தி இருக்கிறது. அந்த வகுப்புகளை எடுத்தவர்கள் நிரந்தர ஆசிரியர்களா, கௌரவ விரிவுரையாளர்களா, ஆய்வு மாணவர்களா என்றும் கேளுங்கள். கௌரவ விரிவுரையாளர்களில் மிகச் சிறந்த ஆசிரியர்கள் உண்டு. ஆனால் அவர்கள் பருவத்தின் நடுவே மாறினால் பாடம் பாதியில் நிற்கும் ஆபத்தும் உண்டு. விருப்பப் பாடங்களைப் பற்றியும் இதே வழியில் கேட்க வேண்டும். மதிப்பலகு (கிரெடிட்) முறையில் கையேட்டில் ஐந்து விருப்பப் பாடங்கள் அச்சிடப்பட்டிருக்கலாம். உண்மையில் சென்ற பருவத்தில் எத்தனை நடத்தப்பட்டன, தேர்ந்தெடுத்தது மாணவரா துறையா என்பதே கேள்வி.

தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள் இன்னொன்றையும் விடாமல் கேட்க வேண்டும்: தமிழ்வழியில் வந்த ஒருவருக்கு ஆங்கில வகுப்பு பிடிபட எத்தனை வாரம் ஆயிற்று, அந்த வாரங்களில் அவருக்குத் துணை நின்றது யார்? இந்தக் கேள்வியைத் தமிழ்வழியில் வந்தவரிடமே கேட்க வேண்டும். வீட்டில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்கு வருகிற பிள்ளைகள் நம் பக்கத்து ஊர்களில் நிறைய. முதல் மாதம் புரியாமல் போனதைத் தங்கள் குறையாக எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடும் அவர்களுக்கு, தனக்கும் முன்பு ஒருவர் இப்படித் திணறி மீண்டிருக்கிறார் என்ற செய்தியே பெரிய பிடிமானம்.

மதிப்பெண்ணைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் என் சொந்த இழப்பு இங்கேதான் நேர்ந்தது. தமிழகத்துப் பல்கலைக்கழகங்களில் ஒரு தாளுக்கு உள்மதிப்பீடு 25, பருவத் தேர்வு 75 என்று பிரிப்பது பரவலான வழக்கம். தேர்ச்சிக்கு இளநிலையில் 40, முதுநிலையில் 50 என்பதும் அப்படியே. அந்த 25 எப்படிப் போடப்படுகிறது என்பதை ஒவ்வொரு துறையிலும் கேட்டே அறிய வேண்டும்: எத்தனை உள்தேர்வுகள், கருத்தரங்க உரைக்கு எவ்வளவு, வருகைக்கு எவ்வளவு, இறுதி மதிப்பெண்ணைப் பதிவேற்றும் முன் மாணவருக்குக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறார்களா? நான் முதுநிலை படித்த இடத்தில் முதல் பருவ முடிவு வந்தபோது ஒரு தாளில் உள்மதிப்பீடு எதிர்பாராத அளவு குறைந்திருந்தது. விசாரித்ததில், நான் எழுதிய இரண்டாம் உள்தேர்வின் மதிப்பெண் பதிவாகவே இல்லை என்று தெரிந்தது. பட்டியல் துறைப் பலகையில் மூன்று நாள் ஒட்டப்பட்டிருந்ததாம். அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது, மூத்த மாணவர் எவரிடமும் நான் கேட்டிருக்கவில்லை. காலம் கடந்துவிட்டதால் திருத்த முடியவில்லை. ஆகவே "உள்மதிப்பீட்டுப் பட்டியலை எங்கே, எப்போது பார்க்கலாம்" என்ற கேள்வியை உங்கள் நோட்டின் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, பருவத் தேர்வு முடிந்து எத்தனை நாளில் முடிவு வந்தது, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க எத்தனை நாள் கொடுத்தார்கள், விடைத்தாளின் நகல் கிடைத்ததா என்று கேளுங்கள். தேர்வர் தம் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது என்பதையும் அறிந்திருங்கள். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் என்ன நடக்கிறது என்பது விதியேட்டிலேயே இருக்கும்; மருத்துவச் சான்று கொடுத்த மாணவருக்கு உண்மையில் என்ன நடந்தது என்பதை மட்டும் மாணவரிடம் கேட்டால் போதும்.

நாள்தோறும் வந்து போகிறவரிடம் கேட்க வேண்டியவை வேறு. புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கங்களிலிருந்து வரும் மாணவிக்கு, நூலகம் மாலை எத்தனை மணிவரை திறந்திருக்கிறது என்பதைவிட அவருடைய ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதே உண்மையான நூலக நேரம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி. அந்தப் பேருந்து அந்த நேரத்தில் வருகிறதா என்பதை அதில் வருகிறவர்தான் சொல்வார். ஆய்வகம் மாலையில் நீண்டால் ஆசிரியர் முன்னதாக அனுப்புகிறாரா என்றும் கேளுங்கள்.

இப்படிச் சேர்த்த குறிப்புகளை ஒரு நோட்டில், நகரத்தார் வீட்டுக் கணக்கைப் போல ஒரு பக்கம் வரவு, எதிர்ப்பக்கம் பற்று என்று எழுதிப் பாருங்கள். இருவரோ அதற்கு மேலோ சொன்ன செய்தியை மையால் எழுதுங்கள். ஒருவர் மட்டும் சொன்னதைப் பென்சிலால் எழுதி, மற்றொருவரிடம் உறுதிசெய்யும்வரை அதன்மேல் எந்த முடிவையும் கட்டாதீர்கள். ஆசிரியர் ஒருவரைப் பற்றிய பழிச்சொல்லாக இருந்தால் பென்சிலாலும் எழுத வேண்டாம்.

சேர்ந்தபின் நீங்களும் கேட்கப்படுவீர்கள். பருவ முடிவில் தரும் ஆசிரியர் மதிப்பீட்டுப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் "மிக நன்று" என்று குறியிட்டுவிட்டு எழுந்துவிடுவது வழக்கமாகிவிட்டது; அதனால்தான் அந்தப் படிவங்களை எவரும் கூர்ந்து படிப்பதில்லை. தேசியத் தர மதிப்பீட்டுக் குழு 2017இல் கொண்டுவந்த மாணவர் நிறைவு ஆய்வில் 21 கேள்விகள் உண்டு. கடைசிக் கேள்வி, கற்றல் கற்பித்தல் மேம்பட உங்கள் கருத்துகளைச் சொந்தச் சொற்களில் எழுதச் சொல்வது. உங்கள் மின்னஞ்சலுக்கு அது வந்தால் அந்தக் கடைசிக் கேள்விக்கு நேரம் கொடுங்கள். "ஆய்வக வசதி போதாது" என்று எழுதுவதைவிட, "ஒரு கருவிக்கு ஐந்து பேர் இருப்பதால் ஒருவருக்குப் பருவத்தில் இரண்டு முறைதான் அளவீடு எடுக்க முடிகிறது, பிரிவுகளை இரண்டாக்கினால் சரியாகும்" என்று எழுதினால் படிப்பவருக்குச் செய்ய வேண்டிய வேலை தெரியும்.

கருத்தாக இல்லாமல் குறையாகவே இருந்தால், முதலில் துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பயன் இல்லையெனில், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் அமைக்க வேண்டிய மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்குப் போகலாம். அக்குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதன் முடிவு நிறைவளிக்காவிட்டால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்பர்சன்) மேல்முறையீடு செய்யலாம். பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளகப் புகார்க் குழுவும், ராகிங்குக்கு அதற்கான குழுவும் தனியே உண்டு. அவற்றுக்கு இந்த வரிசையில் காத்திருக்கத் தேவையில்லை.

அக்கா மகள் கடைசியில் அங்கேதான் சேர்ந்தாள். விடைத்தாள் திரும்ப வராது என்று முன்பே தெரிந்திருந்ததால், ஒவ்வொரு உள்தேர்வுக்குப் பின்னும் கேள்வித்தாளில் தன் விடைகளைச் சுருக்கமாகக் குறித்து வைத்து, அந்த வாரமே ஆசிரியரின் அறைக்குப் போய் எங்கே தவறினேன் என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டாள். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் அவள் எழுதி வைத்த நோட்டு, இப்போது அவளுக்கு அடுத்த வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணிடம் இருக்கிறது. நீங்களும் அப்படி ஒன்றைக் கைமாற்றுவதாக இருந்தால், ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் பருவத்தையும் ஆண்டையும் எழுதிக் கொடுங்கள்; பாடத்திட்டமும் ஆசிரியர்களும் மாறும்போது எதை நம்பலாம், எதை மறுபடியும் கேட்க வேண்டும் என்பது வாங்கிக்கொள்பவருக்கு அதிலிருந்துதான் தெரியும்.