யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூர்: ஹொஸ்டலில் தங்கிச் சிக்கனமாகச் சுற்றுவது எப்படி?

முதன்முறை முதுகுப்பையோடு வெளிநாடு போகிறவர்களுக்கு நான் சொல்வது சிங்கப்பூரைத்தான். இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். லிட்டில் இந்தியாப் பக்கம் ஹொஸ்டல்கள் (பலர் ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் தங்கும் மலிவு விடுதிகள்) நிறைய. பக்கத்திலேயே தேக்கா சந்தையில் வயிறாரச் சாப்பிடலாம்.

முதலில் விமானம். பலாலியிலிருந்து சென்னை போய் அங்கிருந்து மாறலாமே என்று தோன்றும். தனித்தனி டிக்கெட் எடுத்தால் சென்னையில் குடிவரவைக் கடந்துதான் பையை எடுக்க முடியும். அதற்கு இந்திய விசா வேண்டும். கட்டுநாயக்கதான் சுலபம். புத்தளம், சிலாபம் வழியாகப் போகும் இரவு பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே இறங்கிவிடலாம், கொழும்புவரை போய்த் திரும்ப வேண்டாம்.

அடுத்து ஹொஸ்டல். விலையைப் பார்க்கும் முன் கடைசி சில மாதத்து விமர்சனங்களை வாசியுங்கள். மூட்டைப்பூச்சி என்று ஒருவர் எழுதியிருந்தாலும் நான் அந்த இடத்தை விட்டுவிடுவேன். கீழ்க்கட்டில் வேண்டுமென்று பதியும்போதே எழுதிக் கேளுங்கள். விடியற்காலையில் போய் இறங்கினால் கட்டில் பின்னேரம்தான் கிடைக்கும். அதுவரை பையை வைக்கவும் குளிக்கவும் விடுவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வருவதை ஆறுதலாக வாசியுங்கள். என்னை அதிகம் அலைய வைத்தது இதுதான். வங்கி அட்டையால் இணையத்தில் காசு கட்டும்போது ஓடிபி எண் உங்கள் இலங்கை சிம்முக்குத்தான் வரும். அந்த சிம்மைக் கழற்றிவிட்டு அந்த ஊர் சிம்மைப் போட்டால் எண் வராது, கட்டணமும் போகாது. ஆகவே இரண்டு சிம் போடக்கூடிய போன், இல்லையென்றால் ஈசிம் (அட்டை போடாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) வசதி உள்ள போன் கட்டாயம். புறப்படும் முன்பே இலங்கை சிம் வெளிநாட்டிலும் வேலை செய்ய ரோமிங்கைத் திறந்து, டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்தி வையுங்கள். வங்கிக்கும் போய், அட்டை வெளிநாட்டில் வேலை செய்யும்படி திறந்துவிடச் சொல்லுங்கள். எந்தத் தேதிவரை என்றும் கேளுங்கள். என் வங்கியில் போனில் "சரி" என்றார்கள், ஆனால் அட்டை திறக்கவில்லை. நேரில் போய்க் கேட்பதே நல்லது. முதல் இரவுக் காசை இங்கிருந்தே கட்டிவிடுங்கள், கொஞ்சம் சிங்கப்பூர் டொலரும் கையில் இருக்கட்டும். திறப்பு அட்டைக்குச் சில ஹொஸ்டல்களில் வைப்புப்பணம் கேட்பார்கள்.

வருகை அட்டையை இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

பைக்குள்: சின்ன ஆமைப்பூட்டு (லொக்கருக்குப் பூட்டு பல இடங்களில் தரமாட்டார்கள்), மெல்லிய துவாய், காதடைப்பான், பாட்டா செருப்பு. அங்கே சதுர மூன்று முனைப் பிளக். நம் ஊர்ப் புதிய சார்ஜர்களே பொருந்தும். பெரிய சூட்கேஸ் வேண்டவே வேண்டாம், கட்டிலடியில் நுழையாது. மற்றவர்கள் தூங்கும்போது பொலித்தீன் பையைக் கிளறாமல் இருக்க, காலை உடுப்பை இரவே எடுத்து வையுங்கள்.

பின் சேர்த்தது: இதை வாசித்த தங்கச்சி ஒருவர், தனியாகப் போகும் பெண்களுக்கு எப்படி என்று கேட்டிருந்தார். பெண்களுக்கு மட்டுமான அறை பல ஹொஸ்டல்களில் உண்டு. பதியும்போது அதைத் தேர்ந்தெடுங்கள், இரவு முழுக்க வரவேற்பில் ஆள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். இன்னொருவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். பருத்தித்துறை வடை கெடாது, தாராளமாகக் கொண்டு போங்கள். இறைச்சி சேர்ந்த எதையும் கொண்டு போகாதீர்கள்.